மூக்கு ஈரமா, காய்ந்ததா?

செமினி வட்டாரத்தில் இருக்கும் நீங்கள் கொங்காங் என்ற விலங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உருண்டைக் கண்களோடு இரவில் மெல்ல ஊர்ந்து போகும். தமிழ்நாட்டுத் தேவாங்கின் உறவுதான். அதன் மூக்கு நாயின் மூக்கைப்போல ஈரமாக இருக்கும். உங்கள் மூக்கு அப்படியில்லை.

இந்தச் சின்ன வேறுபாட்டை வைத்தே விலங்கியலார் முதனிகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கொங்காங்கும் மடகாஸ்கரின் லெமூரும் ஒரு பக்கம். சரவாக், சபா காடுகளில் வாழும் டார்சியர், குரங்குகள், நாம் எல்லாரும் மறுபக்கம். மூக்கு மட்டுமல்ல. கொங்காங்கின் உடல் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். நமக்குக் கொய்யாவோ எலுமிச்சையோ வேண்டும். டார்சியருக்கும் நம் கதைதான்.

சிக்கல் இங்கேதான். புதைபடிவத்தில் மூக்கும் மிஞ்சாது, வைட்டமினும் மிஞ்சாது. பெரும்பாலும் பற்களும் தாடைத் துண்டுகளும்தான். பாரிஸ் பக்கத்தில் கிடைத்த எலும்புக்கு 1821-இல் 'அடாபிஸ்' என்று பெயரிட்ட கூவியே, அதைக் குளம்பு விலங்குகளோடு சேர்த்துவிட்டார். அவ்வளவு பெரிய மேதைக்கே அந்த நிலை!

இன்று அடாபிஸ் வகையைக் கொங்காங் பக்கமும், ஓமோமிஸ் வகையை டார்சியர் பக்கமும் வைக்கிறார்கள். ஆனால் 2009-இல் ஒரு பரபரப்பு. ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில் கிடைத்த, 4 கோடியே 70 லட்சம் ஆண்டுப் பழைய 'ஈடா' ஏறக்குறைய முழு எலும்புக்கூடு. கொங்காங்குக்குக் கீழ் முன்பற்கள் சீப்புபோல நீண்டிருக்கும். ஈடாவுக்கு அந்தப் பற்சீப்பு இல்லை. ஆகவே அது நம் பக்கத்து மூதாதை என்றார்கள். தொலைக்காட்சியும் புத்தகமும் உடனே வந்தன. சற்று அவசரம்தான்! பற்சீப்பு பிற்காலத்தில் தோன்றியதாக இருக்கலாமே? கொங்காங்கின் முன்னோருக்கும் ஒரு காலத்தில் அது இருந்திருக்காது. அதே ஆண்டிலேயே எரிக் சைஃபர்ட் குழுவினர், எகிப்தில் கிடைத்த அஃப்ராடாபிஸோடு ஒப்பிட்டு, ஈடாவைக் கொங்காங் பக்கமே திருப்பி அனுப்பினார்கள். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதையே ஏற்கிறார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று குஜராத்தில் இருக்கிறது. சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஆசியடாபிஸ், மார்க்கோடினோடியஸ் என்ற சிறு முதனிகளின் தாடைகள் கிடைத்தன. வயது சுமார் 5 கோடியே 45 லட்சம் ஆண்டுகள். பற்களைப் பார்த்தால் அடாபிஸ் வகை. ஆனால் 2016-இல் விவரிக்கப்பட்ட 25 கைகால் எலும்புகள் மிகப் பழமையான அமைப்பு கொண்டவை. இரு கிளைகளும் பிரிந்து அதிக காலம் ஆகாத நிலையை அவை காட்டுகின்றன. அவை தாடைகளோடு ஒட்டிக் கிடைக்கவில்லை, தனித்தனியாகக் கிடைத்தவை. எது எந்த விலங்கின் கால் என்பதை அளவை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லும் காலும் சேர்ந்த ஓர் எலும்புக்கூடு நாளை கிடைத்தால், இந்தக் கோடு மறுபடி நகரலாம்.