மரமும் நம் வீட்டு அடுப்பும்

மரம் நடுவது வனத்துறையின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் காட்டுக்கும் நம் வீட்டு அடுப்புக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

முதலில் நம் மலையையே பார்ப்போம். காட்டில் பெய்யும் மழை இலைகளில் பட்டு, சருகில் இறங்கி, மெல்ல மண்ணுக்குள் போகிறது. அந்த நீர்தான் வெயில் நாளிலும் ஓடையாக வருகிறது. நெருக்கமான தேயிலைச் செடியும் ஓரளவு மண்ணைக் காக்கும். வெட்டவெளியான சரிவிலோ மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. சத்துள்ள மண் போனால் காய்கறி விளையாது, உரச்செலவு ஏறும், சந்தையில் விலையும் ஏறும்.

அரித்த மண் எங்கே போகிறது? 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் வந்து படிகிறது. ஏரியில் வண்டல் நிறைந்தால் மழைநீருக்கு இடம் ஏது? 2013 அக்டோபரில் கனமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் ஏற்பட்டதை நாம் மறக்க முடியாது.

ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டின் மேட்டுநிலத்திலும் தேயிலை விளைகிறது. அங்கே காடு குறைந்தபோது ஓடைகள் வற்றின. பெண்கள் விறகுக்காக நெடுந்தூரம் நடந்தார்கள். விறகு இல்லாததால் வெகுநேரம் வேகவேண்டிய சத்துணவு குறைந்தது, பிள்ளைகள் மெலிந்தார்கள். இதைக் கண்ட வங்காரி மாத்தாய் அம்மையார் 1977இல் ஏழு கன்றுகளை நட்டுப் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். அவற்றில் சிலவே பிழைத்தன. அவர் தளரவில்லை. கிராமத்துப் பெண்கள் தாங்களே விதை சேகரித்து நாற்றங்கால் போட்டார்கள். பிழைத்த கன்றுக்கு மட்டுமே அவர்களுக்குச் சிறு தொகை கிடைத்தது. நட்ட மரங்கள் ஐந்து கோடியைத் தாண்டின. 2004இல் அம்மையாருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பிழைத்த கன்றுக்குத்தான் கூலி! இதில் பெரிய பாடம் இருக்கிறது. நடுவது ஒருநாள் வேலை. காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை.

நம் கேமரன் மலையிலும் 2001இல் தோன்றிய 'ரீச்' என்ற பொதுமக்கள் அமைப்பு, அழிந்த காட்டில் மீண்டும் மரம் நட்டு வருகிறது. நாமும் சும்மா இருக்கலாமா? தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவிலும் ஓடைக்கரையிலும் நம் மலைக்குரிய மரக்கன்றுகளை நடலாம். வீட்டுக்கு ஒரு கன்று போதும். பிள்ளைகள் களை பிடுங்கட்டும். மழையில்லாத நாளில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றட்டும். காய்கறிப் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, மண்ணைச் சருகால் மூடுங்கள்.

மண் நின்றால் நீர் நிற்கும். நீர் நின்றால் நம் அடுப்பில் உலை கொதிக்கும்.