சங்கும் ஃபிளாஸ்க்கும்

காரவள்ளியைத் தாண்டியதும் கொல்லிமலை தொடங்கிவிடும். சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். போன தை மாதம் தங்கை மகளோடும் அவளுடைய மூன்று மாதக் குழந்தையோடும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். பாதி மலை ஏறியிருப்போம், குழந்தை சிணுங்கத் தொடங்கியது. "பெரியம்மா, எங்கயாவது நிழலாப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

அவளுக்குத் தாய்ப்பால் கொடுக்க முடியாத உடல்நிலை. மருத்துவர் சொல்லித்தான் பால் பவுடர். கார் நின்றதும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பையிலிருந்து வெளியே வந்தவை மூன்றே சாமான்கள்: கொதித்த தண்ணீரை வாய்வரை நிரப்பிய ஃபிளாஸ்க், உலர்ந்த எவர்சில்வர் டப்பாவில் வீட்டிலேயே அளந்து போட்ட பவுடர், மூடிய பாத்திரத்தில் ஒரு அளவுக் குவளையும் பாலூட்டும் சங்கும். குவளையில் முதலில் வெந்நீரை ஊற்றினாள், பிறகுதான் பவுடர். கலக்கி, குவளையைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து ஆற்றினாள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். என்னால் அந்தச் சங்கிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

எங்கள் அம்மாயி இதே மலையில், காப்பித் தோட்டத்தில் தாத்தா வேலை பார்த்த காலத்தில், தாயில்லாத பிள்ளை ஒன்றை வளர்த்தாள். பிரசவத்தில் போய்விட்ட அவள் தங்கையின் பிள்ளை, எங்கள் சின்ன மாமா. பஸ் ஏறாத மலை அது. பக்கத்துக் குடிசையில் கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி சில வாரம் தன் பாலையே இவனுக்கும் கொடுத்தாளாம். அவள் வேறு ஊர் போனதும் ஆட்டுப்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர். அதுவும் இல்லாத நாளில் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து காய்ச்சிய பால். எல்லாம் ஒரு பித்தளைச் சங்கில். நீட்டிய இரு கால்களுக்கு நடுவே பிள்ளையை மல்லாக்கப் போட்டு, அழுவதற்கு வாய் திறக்கும்போது ஊற்றிவிடுவாள். மாமா பிழைத்தார். ஆனால் முதல் வருஷம் வயிற்றுப்போக்கு நின்ற மாதமே இல்லை என்று அம்மாயி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அன்பில் குறை சொல்ல யாராலும் முடியாது. குறை பாலில் இருந்தது. மாட்டுப்பாலிலும் ஆட்டுப்பாலிலும் புரதமும் உப்பும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு மிகுதி, இரும்புச்சத்து குறைவு. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலமும் போதாது. தண்ணீர் ஊற்றினால் உப்பு குறைகிறது. கூடவே பிள்ளைக்கு வேண்டிய சத்தும் குறைகிறது. கேழ்வரகு அருமையான தானியம், ஆனால் ஆறு மாதம் முடிந்தபின் வரவேண்டியது. மூன்று மாதத்து வயிற்றுக்கு அது மாவுத் தண்ணீர்தான்.

அடுத்த தலைமுறைக்கு டின் வந்தது. மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டது. 1960 வாக்கில் அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாமக்கல் மருந்துக்கடையில் வாங்கிய டின், சந்தைச் சாமானோடு மலைக்கு ஏறியது. பால் இப்போது மேல். ஆனால் கூடவே கண்ணாடிப் புட்டியும் ரப்பர் நிப்பிளும் வந்தன. சங்கு பரணுக்குப் போனது. சங்கு திறந்த பாத்திரம். எந்த மூலையிலும் விரல் போகும், சாம்பல் போட்டுத் தேய்க்கலாம், வெயிலில் கவிழ்க்கலாம். புட்டிக்குக் கழுத்து உண்டு, நிப்பிளுக்கு மடிப்பு உண்டு. பால் அங்கே தங்கிப் புளிக்கும். அதோடு டின்னின் விலை. ஒரு வாரத்துக்கான பவுடரைப் பத்து நாளுக்கு இழுத்த வீடுகள் எத்தனையோ. பால் வெள்ளையாகத் தெரியும். பிள்ளை எடை ஏறாது.

இது கொல்லிமலைக்கு மட்டும் வந்த துயரம் இல்லை. 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பால் டின் வியாபாரத்தையும் கொலையையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேசினார். உலக சுகாதார சபை 1981இல் விற்பனை நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் சட்டமே போட்டது, 2003இல் இன்னும் இறுக்கியது. டின்மேல் கொழுகொழு குழந்தை படம் கூடாது, விளம்பரம் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும். புட்டிக்கும் அதே சட்டம். நான் முழுமனதோடு ஆதரிக்கிற சட்டம் இது. ஆனால் அதன் நிழலில் ஒரு தயக்கமும் வளர்ந்துவிட்டது: பவுடர் கொடுத்தே ஆகவேண்டிய தாய்க்கு அதை எப்படிச் சரியாகக் கலப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை.

சொல்லித்தர நிறைய இருக்கிறது. டின்னுக்குள் இருக்கும் பவுடர் கிருமி நீக்கியது அல்ல. குரோனோபாக்டர் என்ற கிருமி அதில் அபூர்வமாக இருக்கக்கூடும். அதனால்தான் 2007இல் உலக சுகாதார நிறுவனம், 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்கச் சொன்னது. கொதித்து ஆறிப்போன தண்ணீர் போதும் என்ற பழைய பழக்கம் இங்கேதான் தோற்கிறது: தண்ணீரில் இருந்த கிருமி செத்தது, பவுடரில் இருப்பது சாகவில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேலே, கொல்லிமலைச் செம்மேட்டில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், 70க்கு மேல் தாராளமாக இருக்கிறது. கவலை ஆறுவதில்தான். ஒரு லிட்டர் கொதித்து இறக்கினால் அரை மணிக்குள் கலந்துவிட வேண்டும். மார்கழிக் குளிரில், மலைக்காற்றில், ஒரு டம்ளர் தண்ணீர் அவ்வளவு நேரம் சூடு தாங்காது. ஃபிளாஸ்க் தாங்கும். அம்மாயி கையில் அன்று இல்லாமல் போன சாமான் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியூர் போகும்போது பலரும் செய்வது, வீட்டிலேயே பாலைக் கலந்து துணி சுற்றிக் கதகதப்பாக எடுத்துப்போவது. கிருமிக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. கலந்த பாலுக்கு இரண்டு மணி நேரம்தான் ஆயுள். நாமக்கல்லில் பஸ் ஏறும்போது கலந்தால் செம்மேட்டில் இறங்கும்போது ஏறக்குறைய அது முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். நல்ல காரியம். அந்த அறையில் ஒரு வெந்நீர்க் கெட்டிலும் கை கழுவச் சோப்பும் இருந்தால் பவுடர் கரைக்கிற தாயும் உள்ளே வந்து உட்காரலாம். அவளும் பிள்ளைக்குப் பால் கொடுக்கத்தானே வருகிறாள்.

சங்கு எப்படித் திரும்பி வந்தது? பச்சிளங்குழந்தைப் பிரிவு வழியாக. எடை குறைந்து பிறந்து, சப்பத் தெம்பில்லாத பிள்ளைகளுக்கு இன்று நர்ஸுகள் பாலாடையில்தான் ஊட்டுகிறார்கள். நம் சங்குக்கு அங்கே அந்தப் பெயர். என் தங்கை மகளும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். அம்மாயி மாதிரி மல்லாக்கப் போடவில்லை. தலையும் முதுகும் நிமிர்ந்திருக்க மடியில் சாய்த்து, சங்கின் மூக்கை உதட்டோரம் வைத்து, கொஞ்சம் விட்டாள். விழுங்கும்வரை காத்திருந்தாள். மறுபடி கொஞ்சம். பிள்ளை முகத்தைத் திருப்பியதும் நிறுத்திவிட்டாள்.

குவளை அடியில் இருபது மில்லி மீந்திருந்தது. "அடுத்த வேளைக்கு ஆகாது, பெரியம்மா" என்று சாலையோர சில்வர் ஓக் மரத்தடியில் ஊற்றினாள். பாலைக் கீழே கொட்டக்கூடாது என்று கேட்டு வளர்ந்த கை எனக்கு. தானாக நீண்டு, திரும்பி வந்தது. அவள் மீதி வெந்நீரில் சங்கை அலசி மூடிவைத்தாள். கார் கிளம்பியது.