துருக்கி மொழியும் கரிசற்பருத்தியும்

இடையன்குடியில் உழைத்துப் பின்னாளில் அத்தியட்சரான கால்டுவெல் ஐயர், 1856-இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில், தமிழைத் துருக்கி முதலிய மொழிகளோடு உறவுபடுத்திப் பார்த்தார். அவ்வுறவை இக்கால மொழிநூலார் ஏற்பதில்லை. ஆயினும் அவர் கண்ட ஒப்புமைகள் பொய்யல்ல. துருக்கி மொழி பயிலப் புகும் நம் மாணாக்கர்க்கு அவை பெருந்துணையாம்.

அம்மொழியில் ‘எவ்’ என்பது வீடு, ‘எவ்லெர்’ வீடுகள், ‘எவ்லெர்தெ’ வீடுகளில். நம் மொழியிற்போலவே, பெயரின்பின் பன்மையுருபும் அதன்பின் வேற்றுமையுருபும் ஒட்டி நிற்றல் காண்க. வினையும் வாக்கியத்தின் இறுதியிலேயே வரும்.

இனிச் செயப்படுபொருள். கோவிற்பட்டிப் புறத்துக் கரிசற்காட்டில் ‘பருத்தி எடுத்தாள்’ என்றால் அது வேலையைக் குறிக்கும். ‘பருத்தியை எடுத்தாள்’ என்றால் முன்னறிந்த பருத்தியைக் குறிக்கும். துருக்கியரும் இவ்வாறே ‘பமுக் தொப்லது’ என உருபின்றிப் பொதுவாகவும், ‘பமுக்’ என்பதோடு உகரம் சேர்த்துச் சிறப்பாகவும் கூறுவர். அவ்வுகரத்தின்முன் ஈற்றுக் ககரம் தேய்ந்து ‘பமூ’ என நீண்டொலிக்கும். உருபின் அருமையில் ஐயமுறுவோர், ‘பெண் பார்த்தார்’ என்பதற்கும் ‘பெண்ணைப் பார்த்தார்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை வீட்டிலுள்ள பெரியோரைக் கேட்டறிக. தொப்லது என்பதன் ஈற்றொலி ஏறக்குறைய நம் குற்றியலுகரமே. அவ்வினை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்பது வேறொரு வசதி.

இவ்வுருபு எங்கும் உகரமாக வருவதில்லை. ‘எவ்’ என்பதோடு ‘எவி’ என இகரமாகிறது. குதிரையாகிய ‘அத்’ என்பதோடு குற்றியலுகர ஒலியாகிறது. ரோஜாவாகிய ‘கியூல்’ என்பதோடு, இதழ் குவித்துச் சொல்லும் இகரமாகிறது. பன்மையும் ‘எவ்லெர்’, ஆனால் ‘அத்லர்’. சொல்லின் ஈற்றுயிர் நாவின் முன்புறத்ததாயின் உருபின் உயிரும் முன்புறத்ததாம். பின்புறத்ததாயின் அதுவும் பின்புறத்ததாம். இதுவே உயிரிசைவு. உயிர்கள் எட்டேயாதலின், பாகுபாட்டை ஒரு மாலையில் மனனம் செய்துவிடலாம்.

தமிழில் இஃது இன்று. ஆனால் கரிசல் நாட்டில் தெலுங்கு வழங்கும் இல்லங்கள் பல; அங்கிருந்து வரும் மாணாக்கர்க்கு இது புதிதன்று. ஏட்டுத் தெலுங்கில் ‘அம்மகு’ என்பர். பூனையாகிய ‘பில்லி’க்கோ ‘பில்லிகி’ என்பர். உருபு சொல்லுக்கு இணங்குகிறது. ஆயின் ‘பில்லுலு’ என்னும் பன்மையில் சொல்லே உருபுக்கு இணங்கிவிடுகிறது. துருக்கியில் இப்பின்னோக்கிய மாற்றம் இல்லை. அங்கே எப்போதும் சொல்லே தலைவன், உருபே ஏவலன். தெலுங்கறிந்தோர் இவ்விடத்தில் மட்டும் சற்று விழிப்பாயிருத்தல் வேண்டும்.