முட்டையாகிவிடும் வட்டம்

குதிரைப் போட்டி என்றதும் தடை தாண்டும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பிரிட்டனில் சவாரி பழகத் தொடங்கிய பலர் முதலில் இறங்குவது டிரெஸ்ஸாஜ் என்ற போட்டியில். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு களம். ஓரமெங்கும் எழுத்துப் பலகைகள். எந்தப் பலகையில் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தரப்பட்ட ஒரு வரிசை. தொடக்க நிலையில் நடையும், டிராட் எனும் மெல்லோட்டமும் மட்டும்தான். ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர் மதிப்பெண் போடுவார்.

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். 20 மீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தால் தெரியும். குறுகிய பக்கத்தின் நடுவிலுள்ள 'ஏ' பலகையில் தொடங்கும் வட்டம், இரு நீளப் பக்கங்களையும் மூலையிலிருந்து 10 மீட்டரில் தொட்டதும் விலகி, களத்தின் நட்ட நடுவே போக வேண்டும். தொட வேண்டிய இடத்தில் பலகையே கிடையாது. பலகை இருப்பது 6 மீட்டரில். புதியவரின் கண் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், குதிரை மூலைக்குள் நுழையும், வட்டம் முட்டையாகிவிடும். பயிற்சியின்போது அந்த 10 மீட்டரில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை வைத்துக் கண்ணைப் பழக்கிவிடலாம்.

வரிசையை மனப்பாடம் செய்யக் குதிரை வேண்டாம், வீட்டுக் கூடத்தில் நடந்து பார்த்தாலே போதும். குதிரைமேல் உட்கார்ந்து முழு வரிசையையும் திரும்பத் திரும்பச் செய்தால் அதுவும் கற்றுக்கொண்டு, நாம் சொல்லும் முன்பே திரும்பிவிடும். (இந்த விஷயத்தில் அது நம்மைவிடக் கெட்டிக்காரப் பிராணி.) மறந்துபோகுமென்ற பயமிருந்தால், வெளியே நின்று ஒருவர் உரக்க வாசிக்க இந்த நிலையில் அனுமதி உண்டு.

போட்டிக் களம் குதிரைக்கும் புது இடம். வேட்டையாடப்பட்டே வாழ்ந்த இனம். பக்கவாட்டுக் கண்களால் ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். படபடக்கும் கொடியும் நடுவர் உட்கார்ந்திருக்கும் காரும் அதற்குச் சந்தேகத்துக்குரியவை. முன்னதாகவே போய்க் களத்தைச் சுற்றி நடத்திக் காட்டுவதுதான், என்னைக் கேட்டால், பிடரியை அழகாகப் பின்னுவதைவிட முக்கியம். சேணம் பூட்டும்போது சில குதிரைகள் வயிற்றை இறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் நடந்ததும் வார் தளர்ந்துவிடும். ஏறும் முன் இன்னொரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

மணி அடித்ததும் 45 விநாடிக்குள் உள்ளே நுழைய வேண்டும். பதற வேண்டியதில்லை, டிராட்டில் களத்தை வெளியே ஒரு முழுச் சுற்று வர அந்த நேரம் போதும்.

முடிந்ததும் மதிப்பெண் தாளை மறக்காமல் வாங்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில், நடுவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய காரணமும் இருக்கும்.