ரப்பருக்குக் காவல், மீனுக்குக் காலன்

அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில், பியூஜெட் ஸௌண்ட் என்னும் கடற்கழியில் விழும் ஓடைகள் பல. மழை பெய்யுந்தோறும் அவ்வோடைகளில் கோஹோ என்னும் ஸால்மன் மீன்கள் முட்டையிடுமுன்பே செத்து மிதந்து வந்தன. பல வருஷங்கள் காரணம் புலப்படவில்லை. 2020-ம் வருஷத்தில்தான் அந்த ராஜ்யத்து ஸர்வகலாசாலை நிபுணர்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். மோட்டார் வண்டிகளின் டயர் தேய்ந்து உதிரும் தூளே அது.

ரப்பர் காற்றுப்பட்டுக் கெடும் வஸ்து. பிராணவாயு அதன் வலுவைக் குறைக்கிறது. ஓஸோன் என்னும் வாயு அதில் வெடிப்பு உண்டாக்குகிறது. இவற்றைத் தடுக்கவே '6பிபிடி' என்னும் ரஸாயனத்தை நம் நாட்டு ஆலைகள் உள்பட உலகெங்கும் டயரில் சேர்க்கிறார்கள். ரப்பருக்கு முன் தானே சென்று ஓஸோனுக்குப் பலியாவது அதன் வேலை. பலியான பின் அது என்னவாகிறது? இக்கேள்வியைத் தொழில் நடத்துவோர் உரிய காலத்தில் கேட்கவில்லை. அது குயினோன் என்னும் விஷமாக மாறி மழை ஜலத்தோடு ஓடையில் கலக்கிறது. ஒரு லிட்டர் ஜலத்தில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே கோஹோ மீன்களில் பாதி மடியும்!

கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் மீனை நம்பி வாழும் பூர்வகுடிகள். யூரோக், புயல்லப் முதலிய மூன்று குடியினரின் விண்ணப்பத்தை 2023 நவம்பரில் அமெரிக்க சர்க்கார் இலாகா ஏற்றுக்கொண்டது.

மாற்றுப் பொருளைத் தாவரங்களில் தேடுகிறார்கள். ரப்பர் மரத்தின் பாலிலேயே டோகோட்ரையினால் என்னும் இயற்கைக் காவல் அமைந்திருக்கிறது. காகித ஆலைகளில் கழிவாகும் லிக்னினும் பரீட்சிக்கப்படுகிறது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து கிடைக்கும் கார்டனால் நமக்கு இன்னும் நெருங்கியது. கொல்லத்திலும் பண்ருட்டியிலும் ஓட்டுக்கா பஞ்சம்? ஆயினும் கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைக் கொப்புளிக்கச் செய்வதும் அதே எண்ணெய்தான். தாவரத்தில் பிறந்ததனாலேயே ஒரு பொருள் சாதுவாகிவிடாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இப்பொருள்கள் பிராணவாயுவைத் தடுப்பதில் சமர்த்தர்கள். ஓஸோனுக்கு முன் வலுவற்றவை. செருப்புக்கும் குழாய்க்கும் இவை போதலாம். வெயிலிலும் பாரத்திலும் நாள்தோறும் வளைந்து நிமிரும் டயருக்குப் போதா. ஆகவே "பசுமை டயர்" என்று விளம்பரம் வந்தவுடன் நேயர்கள் கை தட்ட வேண்டாம்.

பதிலுக்கு வரும் சரக்கு எதுவாயினும், முதலில் அதை ஓஸோனில் வைத்து, அது எடுக்கும் மறு உருவத்தை மீன் தொட்டியில் பரீட்சித்த பின்னரே ஆலைக்குள் விட வேண்டும். அந்தப் பரீட்சையின் செலவு டயர் விற்று லாபம் பெறுவோரைச் சேர்ந்தது.