கழுத்தில் சங்கிலி அணிந்தவரும் பொறுப்பைச் சுமப்பவரும்



குப்பை வண்டி வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் வடமேற்கில், மலையும் மேய்ச்சல் நிலமுமாகப் பரந்து கிடக்கும் ஈடன் பகுதி மக்களுக்கும் உரியதுதான். அங்கே உள்ளாட்சி நடந்த விதத்தை இன்று பார்ப்போம்.

1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, 1974 ஏப்ரல் 1ஆம் நாள் ஈடன் மாவட்டம் உருவாயிற்று. அதன் பரப்பு 2,100 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஏறக்குறைய மூன்று சிங்கப்பூர். மக்கள் தொகையோ, 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட 55,000ஐ எட்டவில்லை. பென்ரித் பெரிய ஊர். ஆப்பிள்பி, ஆல்ஸ்டன் சிறிய ஊர்கள். மற்றவை ஆட்டுப் பண்ணைகளும் சிற்றூர்களும்.

பணிகள் மூன்று அடுக்காகப் பிரிக்கப்பட்டிருந்தன. விளையாட்டுத் திடல், மயானம் போன்றவற்றைச் சிற்றூர் மன்றங்கள் கவனித்தன. குப்பை அள்ளுதல், வீட்டு வசதி, வரி வசூல் ஆகியவை பென்ரித்தில் இருந்த மாவட்ட மன்றத்தின் வேலை. சாலை, பள்ளி, நூலகம், முதியோர் பராமரிப்பு ஆகியவை கார்லைல் நகரில் இருந்த கம்பிரியா கவுண்டி மன்றத்தின் பொறுப்பு. ஆகவே, குப்பைக்கு ஓரிடம், சாலைப் பள்ளத்துக்கு வேறோரிடம்!

மாவட்ட மன்றத்துக்கு மக்கள் 38 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் இருவரை நாம் பிரித்தறிய வேண்டும். ஒருவர் அவைத்தலைவர். பதவிச் சங்கிலி அணிந்து விழாக்களுக்குப் போவார், கூட்டங்களை நடத்துவார். மற்றவர் மன்ற முதல்வர். உறுப்பினர்களின் ஆதரவைப் பெற்று, கொள்கையை வகுத்து, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவரே. முடிவுகளைச் செயற்படுத்துவோர் சம்பளம் பெறும் அதிகாரிகள். 2019 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காததால், பல தரப்பினரும் சேர்ந்தே நிர்வாகம் அமைத்தார்கள்.

2023 ஏப்ரல் 1ஆம் நாள் ஈடன் மன்றமும் கம்பிரியா கவுண்டி மன்றமும் கலைக்கப்பட்டன. வெஸ்ட்மோர்லண்டு அண்டு ஃபர்னஸ் என்னும் ஒரே மன்றம் ஈடனைத் தன்னுள் ஏற்றது. சாலைக்கும் குப்பைக்கும் இனி ஒரே இடம், அது நன்மை. ஆனால் சுமார் 225,000 மக்களுக்கு 65 உறுப்பினர்களே. முன்பு மாவட்ட உறுப்பினர் ஒருவர் ஏறக்குறைய 1,400 பேருக்குப் பேசினார். இப்போது ஏறக்குறைய 3,500 பேருக்குப் பேசவேண்டும். மலையடிவாரத்துச் சிற்றூரின் குரல் அவ்வளவு பெரிய அவையில் எடுபடுமா என்பதே அங்குள்ளோர் கவலை.

மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் கேள்வி கேட்கும் உரிமை போய்விடவில்லை. லயத்துக் குப்பை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பா, மன்றத்தின் பொறுப்பா என்பதை முதலில் விசாரித்து அறிவோம். பிறகு குறையைத் தேதியிட்டு எழுதிக் கொடுப்போம். ஒரு படியை நம் கையில் வைத்துக்கொள்வோம். மாலை போட்டவரைத் தேடி அலைவதைவிட, பொறுப்புள்ளவரின் கதவைத் தட்டுவதே பலன் தரும்.