சாய்ந்த கிரைண்டரில் வட வானம்

மாவு அரைத்து முடித்ததும் டில்டிங் கிரைண்டரின் டிரம்மைச் சாய்க்கிறோமே, திருநின்றவூர் மொட்டை மாடியிலிருந்து பார்க்கும் வட வானம் ஏறக்குறைய அந்த நிலையில்தான் சுற்றுகிறது.

முதலில் டிரம் நிமிர்ந்தே இருக்கட்டும். நடுத்தண்டு உச்சியைப் பார்க்கிறது. சுவரில் ஒட்டிய மாவுத்துளிகள் ஏறாமல் இறங்காமல் சமையல் மேடைக்கு இணையாகச் சுற்றுகின்றன. வட துருவத்தில் நிற்பவருக்கு வானம் இப்படித்தான். தெரிகிற எந்த நட்சத்திரமும் மறைவதில்லை. இனி டிரம்மைச் சாய்த்தபடியே சுற்ற விடுங்கள். துளிகள் ஒரு பக்கம் மேலேறி, மறுபக்கம் மேடை மட்டத்துக்குக் கீழே போய்த் திரும்பும். தண்டின் நுனியை ஒட்டிய துளி மட்டும் சின்ன வட்டம் போட்டு மேலேயே இருக்கும். சாய்வைத் தீர்மானிப்பது ஊரின் அட்சரேகை. திருநின்றவூரின் அட்சரேகை சுமார் 13 டிகிரி. அதனால் துருவ நட்சத்திரமும் வடக்கு அடிவானத்துக்கு மேலே 13 டிகிரியில்தான் நிற்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கி, அதன்மேல் இரண்டு விரல் வைத்தால் அந்த உயரம் வந்துவிடும்.

துருவத்தைச் சுற்றி அந்த 13 டிகிரிக்குள் இருப்பவையே இங்கே என்றும் மறையாதவை. துருவ நட்சத்திரத்தை விட்டால் அதற்குள் பளிச்சென்று எதுவுமில்லை. சிறு கரடியின் கொச்சாப் 16 டிகிரி தள்ளியிருக்கிறது. அது தினமும் நாலு மணி நேரத்துக்கும் மேல் அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். லண்டனில் சப்தரிஷி மண்டலம் ஒருநாளும் மறையாது. இங்கே முழுதாக உதித்து முழுதாக மறைகிறது. வைகாசியில் இரவு ஒன்பது மணிக்கு அருந்ததி 48 டிகிரி உயரத்தில் நிற்பாள். ஐப்பசியில் எட்டு மணிக்குத் தேடினால் கிடைக்கமாட்டாள்.

மறையாததெல்லாம் நன்றாகத் தெரியும் என்றும் இல்லை. என்.ஜி.சி. 188 என்ற மிகப் பழைய நட்சத்திரக் கொத்து துருவத்திலிருந்து 5 டிகிரிதான் தள்ளி இருக்கிறது. ஆண்டு முழுக்க மேலேதான், ஆனால் 8 டிகிரிக்கும் 18 டிகிரிக்கும் இடையிலேயே சுற்றும். அந்த உயரத்திலிருந்து வரும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைவிட மூன்று முதல் ஏழு மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். வடக்கில் சற்றே கிழக்காகக் கும்மிடிப்பூண்டி சிப்காட், கிழக்கில் சென்னை. தூசியும் விளக்கொளியும் தடித்துக் கிடப்பது அடிவானத்தை ஒட்டித்தான். இந்த மங்கலான கொத்து அதில் கரைந்துபோகும்.

ஆகவே இங்கிருந்து வடக்கைப் பார்ப்பவர் மறைகிறவற்றையே நம்பலாம், அவை உயரத்துக்கு வரும் வேளை பார்த்து. பெர்சியஸின் இரட்டைக் கொத்து துருவத்திலிருந்து 33 டிகிரி விலகி நிற்பதால் தினமும் மறைகிறது; அதே காரணத்தால்தான் 46 டிகிரி வரை ஏறவும் செய்கிறது. மார்கழியில் நிலா இல்லாத இரவு எட்டரை மணி, மழை கழுவிய வானம், ஒரு சாதாரண பைனாகுலர் போதும். பங்குனிக் கடைசியில் ஒன்பது மணிக்கு எம் 81, எம் 82 என்ற இரண்டு அண்டங்கள் 34 டிகிரிக்கு வரும். சுமார் 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவு. இவற்றுக்கு ஊர் வெளிச்சம் ஆகாது. ஜவ்வாது மலைப் பக்கம் போய்விடுவதே நல்லது.

அங்கே காவலூரில் அட்சரேகை குறைவு என்பதால் சாய்வு இன்னும் அரை டிகிரி கூடுதல். வடக்கில் அது பறித்துக்கொள்வதைத் தெற்கில் திருப்பித் தருகிறது. தென் வானத்தில் பெரும்பகுதி எட்டுகிறது என்பதும் வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் வானாய்வகத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.